ஐஎஃப்ஐடிஎம்3 புரதம் ஃப்ளூ வைரஸை எவ்வளவு தடுக்கிறது: செல் வளர்ப்பில் அளக்கும் முறை

வைரஸ் வந்ததை அறிவிக்கச் செல்கள் சுரக்கும் புரதமான இன்டர்ஃபெரான் பட்டதும் நுரையீரல் செல்லில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒன்றாகக் கிளம்பிவிடும். அதன்பின் வைரஸ் பெருக்கம் குறைந்தால், எந்தப் புரதத்தின் வேலை அது என்று சொல்ல வழியில்லை. ஒரு புரதத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவை அனைத்தும் இருக்கும்போது என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் அதன் பங்கு தெரியும். அதற்கான சோதனையை, இன்டர்ஃபெரான் கிளப்பும் புரதங்களில் ஒன்றான ஐஎஃப்ஐடிஎம்3-ஐ வைத்து இங்கே விவரிக்கிறோம்.

இந்தப் புரதத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 133 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய சவ்வுப் புரதம் இது. செல் வெளியிலிருந்து விழுங்கியதைச் சுமக்கும் பைகளான எண்டோசோம்களில் பின்கட்டத்தவற்றிலும், அதைச் செரிக்கும் லைசோசோம்களிலும் தங்கியிருக்கும். எண்டோசோமின் அமிலத்தன்மையில் வைரஸ் உறை எண்டோசோம் சவ்வோடு இணையும் கட்டத்தில் குறுக்கிட்டு, மரபுப்பொருள் உள்ளே போகும் துளை திறக்காமல் தடுக்கிறது. ஃப்ளூவை இது தடுக்கிறது என்பது 2009-ல் வெளியானது. இந்த மரபணு இல்லாத எலிகள் ஃப்ளூவில் கடுமையாக நோய்வாய்ப்படுகின்றன என்று 2012-ல் காட்டினார்கள். விளைவு பெரியது, செயல்படும் கட்டம் தெளிவானது. முறையைப் பழக இதைவிட நல்ல புரதம் கிடைப்பது கடினம்.

வைரஸ் இருப்பு

ஏ/புவேர்ட்டோ ரிக்கோ/8/34, அதாவது பிஆர்8 என்ற ஃப்ளூ வகை போதும். உயிரிப் பாதுகாப்பு இரண்டாம் நிலை ஆய்வகத்தில், பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டுமே கையாள வேண்டும். எச்5என்1 போன்ற வீரியமான பறவை வகைகளை இந்த நிலையில் தொடவே கூடாது.

வைரஸை எம்டிசிகே என்ற நாய்ச் சிறுநீரகச் செல்லில் வளர்க்கும்போது ஆயிரம் செல்லுக்கு ஒரு வைரஸ் என்ற அளவில் தொடங்குங்கள். சீக்கிரம் நிறைய எடுக்கும் ஆசையில் அதிகம் போட்டால் மரபணு அறுந்த குறைத்துகள்கள் சேர்ந்துவிடும். அவை தாமாகவே இன்டர்ஃபெரானைத் தூண்டி, இன்டர்ஃபெரான் சேர்க்காத வெல்லையும் (தட்டிலுள்ள சோதனைக் குழியையும்) சேர்த்த வெல் போல ஆக்கிவிடும். இருப்பைச் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருகிய குப்பியை மறுபடி உறைய வைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

செல்லும் மரபணு அடக்கமும்

ஏ549 நுரையீரல் செல்கள், 24 வெல் தட்டு. குறிவைத்த மரபணுவை மட்டும் அடக்கும் சிறு ஆர்என்ஏவே எஸ்ஐ-ஆர்என்ஏ. ஒரு வெல்லுக்கு 6 பிக்கோமோல் எஸ்ஐ-ஆர்என்ஏவையும் அதைச் செல்லுக்குள் ஏற்றும் லிப்போஃபெக்டமின் ஆர்என்ஏஐமேக்ஸ் 1 மைக்ரோலிட்டரையும் 100 மைக்ரோலிட்டர் ஆப்டிமெம் மீடியத்தில் (செல் வளர்ப்புக் கரைசலில்) கலந்து, அறை வெப்பத்தில் 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். அதன்மேல் 50,000 செல்களை 500 மைக்ரோலிட்டர் மீடியத்தில் ஊற்றினால் எஸ்ஐ-ஆர்என்ஏ செறிவு 10 நானோமோலார் ஆகும். இந்த மீடியத்தில் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

பூஞ்சைத் தொற்று வராமலிருக்க ஆம்ஃபோடெரிசின் பி கலந்த மீடியம் பல ஆய்வகங்களில் வழக்கம். இந்தச் சோதனையில் அதை அறவே தவிர்க்க வேண்டும். ஆம்ஃபோடெரிசின் பி, ஐஎஃப்ஐடிஎம்3 தரும் பாதுகாப்பையே நீக்கிவிடுகிறது என்று நிரூபணமாகியுள்ளது. ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அது அழகாகத் தெரியும், ஆனால் தடுப்பு இருக்காது. காரணம் புரியாமல் வாரக்கணக்கில் தவிக்க வைக்கும் பிழை இது. சோதனைக்கு இரண்டு பாசேஜ் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்று) முன்பிருந்தே அந்தக் கலவையை நிறுத்திவிடுங்கள்.

எஸ்ஐ-ஆர்என்ஏ தானே இன்டர்ஃபெரானைத் தூண்டக்கூடும். அதனால் எந்த மரபணுவையும் குறிவைக்காத கண்ட்ரோல் எஸ்ஐ-ஆர்என்ஏ கட்டாயம். ஐஎஃப்ஐடிஎம்3-க்கு வெவ்வேறு வரிசையில் குறைந்தது இரண்டு எடுங்கள். இரண்டும் ஒரே பதிலைத் தந்தால்தான் நம்பலாம்.

24 மணி நேரம் கழித்துப் பாதி வெல்களில் மில்லிலிட்டருக்கு 1,000 யூனிட் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2 சேர்த்து மேலும் 24 மணி நேரம் விடுங்கள். ஆக நான்கு நிலைகள்: கண்ட்ரோலும் ஐஎஃப்ஐடிஎம்3 அடக்கமும், இரண்டிலும் இன்டர்ஃபெரான் உள்ளதும் இல்லாததும். ஏ549 செல்லில் இன்டர்ஃபெரான் இல்லாமலேயே ஓரளவு ஐஎஃப்ஐடிஎம்3 இருக்கும். எனவே இன்டர்ஃபெரான் சேர்க்காத இணையிலும் வித்தியாசம் தெரியலாம்.

அடக்கம் நடந்ததா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் பாருங்கள். புரதம் 15 கிலோடால்டன் அளவுதான். 15 சதவீத ஜெல்லும் 0.2 மைக்ரான் சவ்வும் எடுங்கள், 0.45 மைக்ரான் சவ்வில் சிறிய புரதம் ஊடுருவிப் போய்விடும். ஐஎஃப்ஐடிஎம்2 இதன் நெருங்கிய உடன்பிறப்பு என்பதால் பல ஆன்டிபாடிகள் இரண்டையும் பிடிக்கும். ஐஎஃப்ஐடிஎம்3-ன் முன்முனையை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியைத் தேடி வாங்குங்கள். அடக்கியும் பட்டை மறையவில்லை என்றால் முதல் சந்தேகம் ஆன்டிபாடி மேல்தான் இருக்க வேண்டும்.

தொற்று

1. ஒரு நிலைக்கு ஒரு வெல் வீதம் ஒதுக்கி, தொற்றுக்குச் சற்று முன் செல்களை எண்ணுங்கள். இன்டர்ஃபெரான் செல் வளர்ச்சியை மந்தமாக்கும், எண்ணாமல் விட்டால் வைரஸ் விகிதமே மாறிப்போகும்.

2. கால்சியம், மக்னீசியம் உள்ள பிபிஎஸ் உப்புக் கரைசலில் இருமுறை கழுவுங்கள். சீரம் மிச்சமிருக்கக் கூடாது. அதிலுள்ள சர்க்கரை இணைந்த புரதங்கள் வைரஸ்மேல் ஒட்டித் தொற்றைக் குறைக்கும்.

3. வெல்லில் 2 லட்சம் செல்கள், செல்லுக்கு 0.3 வைரஸ் என்றால் 60,000 பிளேக் அலகுகள் வேண்டும் (பிளேக் என்பது ஒரு வைரஸ் பரவிச் செல் படலத்தில் போடும் ஓட்டை, அதை எண்ணித் தொற்றவல்ல வைரஸை அளக்கிறோம்). அவற்றை 200 மைக்ரோலிட்டர் சீரமற்ற மீடியத்தில் 0.2 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) சேர்த்துக் கொடுங்கள்.

4. 37 டிகிரியில் 1 மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைச் சாய்த்து அசைத்துவிடுங்கள், இல்லையேல் நடுவில் செல்கள் காய்ந்துவிடும்.

5. வைரஸை எடுத்துவிட்டு, கழுவி, 2 சதவீத சீரம் உள்ள மீடியம் ஊற்றுங்கள். புரதத்தை வெட்டும் என்சைமான டிரிப்சினைச் சேர்க்காதீர்கள். 8 மணி நேரத்தில் நிறுத்துங்கள்.

டிரிப்சின் இல்லாதபோது புதிதாக வெளிவரும் பிஆர்8 வைரஸின் எச்ஏ, அதாவது செல்லுக்குள் நுழைய உதவும் மேற்புறப் புரதம், வெட்டப்படாது, எனவே அது அடுத்த செல்லுக்குள் புக முடியாது. நீங்கள் அளப்பது முதல் நுழைவை மட்டுமே. டபிள்யூஎஸ்என் என்ற ஃப்ளூ வகை இதற்கு விதிவிலக்கு. அதன் மற்றொரு மேற்புறப் புரதமான என்ஏ, சீரத்திலுள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தைப் பிடித்து எச்ஏவை வெட்டிக்கொள்ளும், ஆகவே இந்தச் சோதனைக்கு ஆகாது.

0.3 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். பிளேக் அலகு எம்டிசிகே செல்லில் எண்ணியது, ஏ549 செல்லில் அதே வைரஸ் வேறு அளவில் தொற்றும். முன்னோட்டமாக 0.1, 0.3, 1, 3 நான்கையும் போட்டு, இன்டர்ஃபெரான் இல்லாத கண்ட்ரோலில் 20 முதல் 30 சதவீதச் செல்கள் தொற்றும் அளவைத் தேர்ந்தெடுங்கள். 90 சதவீதம் தொற்றிய தட்டில் பாதுகாப்பு நீங்கினாலும் ஏற இடமிருக்காது. ஐஎஃப்ஐடிஎம்3-ன் தடையும் முழுமையான தடையல்ல, வைரஸை அள்ளிக் கொட்டினால் அது மூழ்கிவிடும். எதிர்மறை முடிவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

சரிபார்ப்பாக ஒரு வெல்லுக்கு மட்டும் பாஃபிலோமைசின் ஏ1 என்ற மருந்தை 100 நானோமோலார், தொற்றுக்கு 1 மணி நேரம் முன்பே கொடுங்கள். எண்டோசோம் அமிலமாகாது, தொற்று ஏறக்குறைய பூஜ்ஜியமாகும். ஆகவில்லை என்றால் நீங்கள் எண்ணுவது வைரஸ் அல்ல, பின்னணி ஒளி.

எண்ணுதல்

செல்களை டிரிப்சின்-இடிடிஏவால் பிரித்து, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைப்படுத்துங்கள். பின் 0.1 சதவீத சபோனினில் துளையிட்டு, என்பி என்ற வைரஸ் புரதத்தைப் பிடிக்கும், ஒளிரும் சாயம் இணைத்த ஆன்டிபாடியைச் சேர்த்துவிடுங்கள். சபோனின் போடும் துளைகள் அது நீங்கியதும் மூடிக்கொள்ளும், அதனால் ஆன்டிபாடி கரைசலிலும் கழுவும் கரைசலிலும் சபோனின் இருந்தே ஆக வேண்டும். செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒரு மாதிரிக்குக் குறைந்தது 10,000 செல்கள் எண்ணுங்கள். தொற்றாத செல்லை வைத்து எல்லைக்கோடு போடுங்கள்.

வைரஸ் வெளியீடும் வேண்டுமானால் தனித் தட்டில், டிபிசிகே-டிரிப்சின் சேர்த்து 24 மணி நேர மீடியத்தை எடுத்து எம்டிசிகே செல்லில் பிளேக் சோதனை செய்யுங்கள். வைரஸ் தூரம் பரவாமல் தடுக்கும் மேல்பூச்சில் 1.2 சதவீத அவிசெல் (செல்லுலோஸ் குழம்பு), மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் டிபிசிகே-டிரிப்சின், சீரம் கூடாது. அவிசெல் ஊற்றியபின் 48 மணி நேரத்துக்குள் தட்டை அசைத்தால் பிளேக்குகள் வால்நட்சத்திரமாக இழுபடும். பத்தாயிரம் மடங்கு நீர்த்த 0.2 மில்லிலிட்டரில் 42 பிளேக் என்றால் மில்லிலிட்டருக்கு 21 லட்சம்.

முடிவைப் படிப்பது

எதிர்பார்ப்பு இது: இன்டர்ஃபெரான் கண்ட்ரோல் வெல்லில் தொற்றை வெகுவாகக் குறைக்கும், ஐஎஃப்ஐடிஎம்3 அடக்கிய வெல்லில் அதில் ஒரு பகுதி திரும்ப ஏறும். முழுவதும் ஏறாது, மற்றப் புரதங்கள் வேலை செய்துகொண்டே இருக்கும். திரும்ப ஏறிய பகுதியே நீங்கள் தேடிய விடை. ஒரே நாளின் மூன்று வெல்கள் மூன்று சோதனை ஆகாது. வேறு வேறு நாளில், புதிதாக விதைத்த செல்லில் மூன்று முறை செய்யுங்கள்.

ஏற்றம் உண்மையிலேயே நுழைவுக் கட்டத்தில்தானா என்று உறுதி செய்ய, ஃப்ளூ எச்ஏ போர்த்திய போலிவைரஸையும் (வேறொரு வைரஸின் கூட்டின்மேல் விரும்பிய உறைப் புரதத்தைப் பொருத்தியதையும்), எலி லுகேமியா வைரஸ் உறை போர்த்தியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதை ஐஎஃப்ஐடிஎம்3 தடுப்பதில்லை. இரண்டிலும் தொற்று ஏறினால் செல்லின் பொது நிலை மாறியிருக்கிறது. செல் வளர்ப்பில் ஒளிந்து தொற்றும் பாக்டீரியாவான மைக்கோப்பிளாஸ்மா இருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள்.

இதே தட்டில், இன்டர்ஃபெரான் கிளப்பும் மற்றொரு புரதமான எம்எக்ஸ்ஏவைச் சோதிக்க நினைப்பவர்கள் வைரஸை மாற்ற வேண்டும். எம்எக்ஸ்ஏ, நுழைவுக்குப் பின் வைரஸின் என்பி புரதத்தைக் குறிவைக்கிறது. மனிதரிடம் பழகிய பல வகைகளின் என்பி அதிலிருந்து தப்பிக்கும் மாற்றங்களைப் பெற்றுவிட்டது, பறவை வகைகள் எளிதில் அகப்படும். பிஆர்8-ஐ வைத்து எம்எக்ஸ்ஏ பலவீனமானது என்று முடிவு கட்டுவது தவறு. பறவை வகையின் என்பி, பிபி1, பிபி2, பிஏ என்ற நகலெடுப்புப் புரதங்களுக்கான பிளாஸ்மிட்களோடு (டிஎன்ஏ வளையங்களோடு), நகலெடுப்பை ஒளியாகக் காட்டும் செயற்கை மரபுத் துண்டான லூசிஃபெரேஸ் மினிஜீனோம் கொண்டு 293டி செல்லில் செய்வது பாதுகாப்பான வழி. அங்கே என்பி பிளாஸ்மிட் அளவை முதலில் குறைத்துச் சோதியுங்கள், என்பி அதிகமானால் தடை மங்கிவிடும்.