பழைய ஃபைபர் போட் வாங்கறீங்களா? உள்ள தண்ணி நிக்குதா, கட்டை இத்துப்போச்சான்னு பாக்குற வழி

வேலூர்க்காரனுக்கு போட் எதுக்குன்னு கேக்காதீங்க, ஏலகிரி புங்கனூர் ஏரில ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தா யாருக்கும் ஆசை வரும். ஆனா நம்ம பக்கம் வர்ற பழைய மோட்டார் போட்டுக்கு மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும், வம்பு எல்லாம் உள்ளதான்.

பேருதான் ஃபைபர் போட். பழசுல பெரும்பாலும் இன்ஜின் மாட்டுற பின்பலகைக்குள்ள பிளைவுட் இருக்கும், தளத்துக்கு அடியில நீளமா ஓடுற கட்டையும் மரம்தான், மேல ஃபைபர் சுத்தி ஒட்டியிருப்பாங்க. ஸ்க்ரூ, போல்ட் போட்ட ஓட்டை வழியா தண்ணி இறங்கிடுச்சுன்னா வெளிய வர வழி கிடையாது. இதுல கடல் தண்ணிய விட மழைத்தண்ணிதான் மோசம், உப்பு பூஞ்சைய கொஞ்சம் அடக்கி வெக்கும், மழைத்தண்ணி வெக்காது. அதனால தினம் கடலுக்குப் போன போட்ட விட ஐப்பசி கார்த்திகை மழை பூரா வேப்ப மரத்தடில கிழிஞ்ச தார்ப்பாயோட நின்ன போட்டத்தான் நான் ரொம்ப சந்தேகப்படுவேன்.

மொத வேலை, வாங்குறதுக்கு முன்னாடியே எடை மேடைல ஏத்துங்க. லாரிய போட்டோட ஒரு தடவ, போட் இல்லாம ஒரு தடவ எடை போட்டு கழிச்சா போட் எடை வந்துடும், அதுல இன்ஜின், பேட்டரி, டேங்க் எடைய கழிச்சிட்டு கம்பெனி சொன்ன எடையோட ஒப்பிடுங்க. 1 லிட்டர் தண்ணி 1 கிலோ, அப்போ 150 கிலோ கூட இருந்தா தளத்துக்கு அடியில இருக்குற ஃபோம் தண்ணி குடிச்சிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஃபோம் மிதக்கத்தான் வெக்கறாங்க, ஆனா வருஷக்கணக்குல ஈரத்துல கெடந்தா அதுவும் ஊறிடும், நம்ம மே மாச வெயில்ல போட்டா கூட சீக்கிரம் காயாது.

அடுத்து முன்பக்கத்த ஜாக்கி போட்டு தூக்கி, பின்னாடி அடியில தண்ணி வெளிய விடுறதுக்கு இருக்குற அடைப்ப (டிரெயின் பிளக்) கழட்டி ராத்திரி பூரா விட்டுடுங்க. கொஞ்சம் மழைத்தண்ணி வந்து நின்னுட்டா பரவாயில்ல. விடிஞ்சும் சொட்டிக்கிட்டே இருந்தா, அதுவும் டீ கலர்ல வந்தா, உள்ள மரம் ஊறிக் கெடக்குதுன்னு வெச்சிக்குங்க.

இப்ப தட்டிப் பாக்கணும், மண்பானை வாங்கும்போது தட்டுவோம்ல அதே மாதிரி. சின்ன பிளாஸ்டிக் சுத்தி போதும். நல்ல எடத்துல டங்குன்னு சத்தம் வரும், இத்துப்போன எடத்துலயும் ஃபைபர் பிரிஞ்ச எடத்துலயும் சத்தம் செத்துப் போய் தொப்புன்னு கேக்கும், அங்க சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கிட்டே போங்க. தளத்து மேல வெறுங்கால்ல நடங்க, பள்ளமா அமுங்குற எடத்தயும் குறிங்க. அப்புறம் இன்ஜின் கீழ்ப்பக்கத்த புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிட்டு பின்பலகைய ஒருத்தர் உத்துப் பாக்கணும், பலகை அசைஞ்சாலோ மூலைல விரிசல் வாய தொறந்தாலோ அது பெரிய செலவு.

ஈரம் பாக்குற மீட்டர் இருந்தா வெச்சுப் பாருங்க, ஆனா ஃபைபர் மேல அது காட்டுற நம்பர அப்படியே நம்பாதீங்க, உள்ள இரும்பு இருந்தா, மேல பனி ஈரம் இருந்தா தப்பாத்தான் காட்டும். ஒரே போட்ல இந்த எடத்துக்கும் அந்த எடத்துக்கும் எவ்ளோ வித்தியாசம்னு மட்டும் பாருங்க. மீட்டர் முள்ள நேரா மரத்துல குத்திப் பாத்து ஈரம் 20 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா பூஞ்சை வளர தோதான ஈரம்.

கடைசியா டிரில். ஓனர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க, ஒத்துக்கலன்னா அங்கயே ஒரு சந்தேகம் வருது இல்ல? டிரில் பிட்ல டேப் சுத்தி ஆழத்த குறிச்சிக்குங்க, பின்பலகைய உள்பக்கமா, கீழ் ஓரத்துல, மறுபக்கம் வராத அளவுக்கு போடுங்க, மூக்குல மாஸ்க் கட்டாயம். தூள் வெளிர் நிறத்துல மொறமொறன்னு வந்தா மரம் நல்லாருக்கு. கருப்பா, ஈரமா, புளிச்ச வாடையோட வந்தா பேரம் பேசவே வேணாம், பின்பலகைய பிரிச்சு மாத்துற கூலி போட் விலையயே தாண்டிடும் சில சமயம். ஓட்டைய அப்படியே விட்டுட்டு வந்துடாதீங்க, காஞ்சதும் அன்னிக்கே எப்பாக்ஸி பசை வெச்சு அடைச்சிடுங்க, இல்லன்னா அடுத்த மழைக்கு நீங்க போட்ட ஓட்டை வழியாவே தண்ணி இறங்கும்.