திருகோணமலையில் ஒரு நுவார் குறும்படம்: ஊடகக் கற்கை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊடகக் கற்கைப் பாடநெறியின் செயற்றிட்டத்துக்கு நுவார் வகைக் குறும்படத்தை, அதாவது இருளும் குற்றமும் சூழ்ந்த கதையைச் சொல்லும் படத்தை, தெரிவுசெய்யும் மாணவர் குழுக்கள், தொப்பி, நீண்ட மேலங்கி, கைத்துப்பாக்கி ஆகியவற்றைத் தேடுவதிலேயே தொடக்க நாள்களைச் செலவிட்டுவிடுவதுண்டு. அவை 1940களின் அமெரிக்க நகரங்களுக்குரிய பொருள்கள். திருகோணமலையின் வெக்கையில் மேலங்கி அணிந்து நடக்கும் இளைஞரைப் பார்வையாளர் எவரும் நம்பமாட்டார். தெரிந்தே ஒரு பிழையான முடிவை எடுக்கும் சாதாரண மனிதர், அம்முடிவு அவரைச் சுற்றி இறுகும் விதம், எதைக் காட்டுவது எதை மறைப்பது என்று ஒவ்வொரு காட்சியிலும் தீர்மானிக்கும் ஒளியமைப்பு ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் மேலங்கி இல்லாமலே நுவார் உருவாகிவிடும்.

போர்க்காலத்தில் பிரான்சுக்குள் வராதிருந்த அமெரிக்கக் குற்றப் படங்கள், போர் முடிந்தபின் பாரிசில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிடப்பட்டபோது, 1946இல் நீனோ பிராங் என்ற விமர்சகர் அவற்றுக்கு, பிரெஞ்சில் ‘கறுப்பு’ எனப் பொருள்படும் ‘நுவார்’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவுக்குச் சென்ற ஜெர்மானிய, ஆஸ்திரியக் கலைஞர்கள் பலர் இப்படங்களில் பணியாற்றியிருந்தனர். தமிழில் இந்த மரபை அறிய விரும்பும் மாணவர்கள், எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954இல் வெளியான ‘அந்த நாள்’ படத்தைத் தவறாமல் பார்க்கவேண்டும். பாடல் ஒன்றேனும் இல்லாத அப்படம், இரண்டாம் உலகப் போரில் சென்னை மீது ஜப்பானியக் குண்டு விழுந்த காலத்தில் நிகழும் ஒரு கொலையைப் பலருடைய கூற்றுகளின் வழியே விசாரிக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளான துறைமுக நகரில் இருந்துகொண்டு அதைப் பார்க்கையில், கதை நமக்கு இன்னும் நெருங்கிவிடுகிறது. ஆயினும் அக்காலத்தையே படமாக்க முயல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆடை, வாகனம், தெருவிளக்கு என ஒவ்வொன்றும் மாணவர் குழுவின் கைக்கு எட்டாத செலவாகிவிடும்.

கதையை இன்றைய நகரிலிருந்தே எடுங்கள். எட்டு நிமிடப் படத்துக்கு மூன்று பாத்திரங்கள், மூன்று இடங்கள், ஓர் இரவு போதும். மீன் முதலாளி ஒருவரிடம் கணக்கெழுதும் இளைஞர், தங்கையின் வெளிநாட்டுப் பயணத்துக்காக முகவருக்குக் கட்டவேண்டிய பணத்தை ஏலக் காசிலிருந்து எடுத்து, மறுநாள் திருப்பி வைத்துவிடலாம் என்று எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகவரின் தொலைபேசி அணைந்துகிடக்கிறது. விடியுமுன்னே முதலாளி கணக்கைப் பார்க்க வருகிறார். இக்கதையில் கொலையும் இல்லை, துப்பறிவாளரும் இல்லை. எனினும் இளைஞர் எடுக்கும் ஒவ்வொரு அடுத்த முடிவும் அவரை மேலும் உள்ளே தள்ளுகிறது. கதையின் முடிவிலிருந்து தொடங்கி, அவருடைய குரலிலேயே பின்னோக்கிச் சொல்லவைத்தால், ‘என்ன நடக்கும்’ என்ற கேள்வி ‘எப்படி நடந்தது’ என்று மாறி, பார்வையாளரின் கவனம் அவருடைய மனத்தின் பக்கம் திரும்பும்.

அமெரிக்கப் படங்கள் பலவற்றில் ஆணை மயக்கி அழிவுக்குக் கொண்டுசெல்லும் பெண் பாத்திரம் வருகிறது. ஊடகக் கற்கை மாணவர்கள் அதை அப்படியே படியெடுப்பது பொருத்தமற்றது, ஏனெனில் அந்தப் பாத்திரம் போருக்குப் பிந்திய ஆண்களின் அச்சத்திலிருந்து பிறந்தது என்ற விமர்சனமே உங்கள் பாடத்தின் ஒரு பகுதி. மேலே சொன்ன கதையில் தங்கை தான் உண்மையிலேயே போக விரும்புகிறாளா என்பதை யாரும் கேட்கவில்லை என்று வைத்தால், அவளுக்கும் ஒரு விருப்பமும் ஓர் இரகசியமும் கிடைத்துவிடுகின்றன.

துப்பாக்கி பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டுத் துப்பாக்கியாயினும், மெழுகில் செய்ததாயினும், அதை ஏந்தியபடி திருகோணமலை வீதியில் எவரும் நடிக்கவேண்டாம். நீண்ட போரையும் சோதனைச் சாவடிகளையும் கண்ட மக்கள் வாழும் ஊர் இது. பார்ப்பவர்களுக்கு அது நடிப்பாகத் தெரியாது, நடிப்பவருக்கும் ஆபத்தாக முடியலாம். மேசைமேல் விரித்துக்கிடக்கும் கணக்குப் புத்தகம், நன்றாக ஒளியூட்டப்பட்டால், துப்பாக்கியைவிடக் கூடிய அச்சத்தை ஏற்படுத்தும்.

இனி ஒளியமைப்பு, இதற்கே அதிக நேரத்தை ஒதுக்குங்கள். இருட்டைப் படமாக்க வெளிச்சம் வேண்டும் என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். விளக்கை அணைத்துவிட்டுக் கைத்தொலைபேசியில் எடுத்தால் கிடைப்பது கறுப்பு அன்று. புள்ளி புள்ளியாய் நடுங்கும் சாம்பல் நிறமே கிடைக்கும். முகத்தின் ஒரு பக்கத்துக்குப் போதிய ஒளியைக் கொடுத்து, மறுபக்கத்தை அதன் எட்டில் ஒரு பங்கு ஒளியில் விட்டுவிட்டால், கமரா கறுப்பைக் கறுப்பாகவே பதிவுசெய்யும். கூரிய நிழல் வேண்டுமாயின் ஒளிமூலம் சிறியதாகவும் தூரத்திலும் இருக்கவேண்டும்: கண்ணாடி உறையற்ற ஒற்றை எல்.ஈ.டி மின்குமிழ், நல்ல டோர்ச், மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. குழல்விளக்கு நிழலை மென்மையாக்கிவிடுவதால் அறையில் ஏற்கெனவே எரியும் குழல்விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

பழைய அமெரிக்கப் படங்களில் சன்னல் மறைப்பின் பட்டை நிழல் பாத்திரத்தின் முகத்தில் சிறைக்கம்பி போல் விழும். நமக்கு அதற்காக எதையும் வாங்கவேண்டியதில்லை. பழைய வீடுகளின் சாய்பலகை யன்னல்கள், இரும்புக் கிராதிகள், கிடுகு வேலியின் இடுக்குகள் எல்லாம் அதே வேலையைச் செய்யும். கிடுகின் நிழல் ஒழுங்கற்று விழுவதால் அது இன்னும் உயிர்ப்பானது என்பது என் எண்ணம். யன்னலுக்கு வெளியே, தலைக்கு மேலான உயரத்தில் மின்குமிழைப் பிடித்து, நடிகரைச் சுவருக்கு அருகில் நிறுத்தினால் நிழல் சுவரிலும் விழும். ஒளிக்கீற்றே காற்றில் தெரியவேண்டுமென்றால் சிறிதளவு சாம்பிராணிப் புகை போதும். புகை கலைந்து பரவிய பிறகே பதிவைத் தொடங்குவதும், இடையிடையே கதவைத் திறந்து அறையைக் காற்றோட்டப்படுத்துவதும் அவசியம். ஆஸ்துமா உள்ளவர்கள் குழுவில் இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள். முகத்தின் இருண்ட பக்கத்தில் சற்றே ஒளி தேவைப்படும்போது வெள்ளை ரெஜிபோம் பலகையால் தெறிப்பொளி கொடுக்கலாம். கூடுதலாகத் தெரிந்தால் கறுப்புத் துணியைப் பிடிக்கலாம்.

கைத்தொலைபேசிக் கமராவைத் தானியங்கி நிலையில் விடுவது இந்த வகைப் படத்துக்குப் பெரும் தீங்கு செய்யும், ஏனெனில் அது இருண்ட காட்சியைக் கண்டவுடன் தானாகவே வெளிச்சமாக்கிவிடும். ஒளியளவையும் குவியத்தையும் பூட்டிவையுங்கள், ஐ.எஸ்.ஓ எனப்படும் ஒளியுணர்திறன் அளவை இயன்றவரை குறையுங்கள். இலங்கையின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் கொண்டது ஆகையால், வினாடிக்கு 25 சட்டகம், 1/50 வினாடி சட்டர் (ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளி விழும் நேரம்) என்று வைத்தால் மின்விளக்கின் துடிப்பு படத்தில் தெரியாது. கைத்தொலைபேசியின் சிறிய உணரியில் அண்மையும் சேய்மையும் ஒருங்கே கூர்மையாக விழுவது இங்கே ஒரு வரம். 1940களின் ஒளிப்பதிவாளர்கள் அந்த ஆழத்துக்காக லென்ஸின் துளையைச் சுருக்கி, பெரிய விளக்குகளைக் குவிக்கவேண்டியிருந்தது. முன்னே கணக்குப் புத்தகம், நடுவே இளைஞர், பின்னே வாசலில் முதலாளி என ஒரே சட்டகத்தில் மூன்றையும் அடுக்கிப் பாருங்கள். கமராவைச் சாய்த்து எடுக்கும் கோணத்தைப் படத்தில் ஓரிடத்துக்கு மேல் பயன்படுத்தவேண்டாம்.

இடத்தெரிவில் அழகைவிட அனுமதி முக்கியம். கோணேசர் கோவிலுக்குச் செல்லும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாமின் ஊடே செல்கிறது. துறைமுகத்தை ஒட்டிய பகுதிகள் பலவும் கடற்படையின் பொறுப்பில் உள்ளன. இவற்றின் அருகே கமராவும் விளக்கும் எடுத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது. ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிமுறைகள் உள்ளன. இந்தப் படத்துக்கு அது தேவையுமில்லை. இரவில் வெளியே எடுப்பதாயின், நிறுவனத் தலைவரின் கடிதத்துடன் பொலிஸ் நிலையத்துக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே அறிவித்து, கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். புகையிரதப் பாதை முடிவடையும் நிலையம் நம் ஊரில் இருப்பது கதைக்குப் பெரிய வாய்ப்பு. நிலைய அதிபரின் அனுமதி கிடைத்தால், கொழும்புக்குப் புறப்படும் இரவுப் புகையிரதத்தின் ஒளி முகத்தைக் கடந்து செல்லும் ஒரு காட்சியை எடுத்துவிடலாம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைக்காலம் நுவாருக்கு உகந்தது, ஏனெனில் நனைந்த வீதி தெருவிளக்கைத் திருப்பித் தருகிறது. நனைந்த இடத்தில் மின்கம்பிகளை நிலத்தில் விடாமல், மின்கலத்தில் எரியும் விளக்குகளையே கொண்டுசெல்லுங்கள். பகலில் எடுக்கவேண்டியவற்றைக் காலையில் எடுப்பது சிறப்பு: சூரியன் கடலிலிருந்து எழும் ஊர் ஆகையால், டச்சுக் குடாக் கரையில் முதல் அரை மணித்தியாலம் நீண்ட நிழல்களைத் தரும்.

ஒலியில் நம் மாணவர்கள் காட்டும் அலட்சியம் எனக்குக் கவலையளிக்கிறது. கடற்காற்று ஒலிவாங்கியில் அடித்தால் எந்தக் கணினியாலும் அதை முழுமையாக நீக்கமுடியாது; ஒலிவாங்கிக்குப் பஞ்சுறையோ தடித்த துணியோ சுற்றி, நடிகரின் சட்டைக்குள் இரண்டாவது கைத்தொலைபேசியை வைத்துத் தனியே பதிவுசெய்யுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எவரும் பேசாமல் அரை நிமிடம் அவ்விடத்தின் ஓசையைப் பதிவதும் அவசியம். கதைசொல்லும் குரல் நம் வீட்டில் பேசும் திருகோணமலைத் தமிழில் இருக்கட்டும். தென்னிந்தியப் படங்களின் உரையாடல் நடையைக் கடன்வாங்கும்போது பாத்திரம் நம் ஊரைவிட்டே போய்விடுகிறது. “காச நாளைக்கு வச்சிரலாம் எண்டுதான் நினைச்சன்” என்ற ஒரு வரி, அலங்காரமான பத்து வரிகளைவிட ஆழமாக இறங்கும்.

படத்தொகுப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசோல்வ் போதுமானது. நிறத்தை வெறுமனே நீக்கிவிடாமல், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எந்த அளவு சாம்பலாக மாறவேண்டும் என்பதைத் தனித்தனியே சரிசெய்யுங்கள். சிவப்புச் சட்டையும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பலாகிவிடக்கூடும் என்பதால் ஆடைகளைக் கறுப்பு வெள்ளையில் முன்பே பரிசோதிப்பது நன்று. சமர்ப்பிக்கும் முன்னர், படம் திரையிடப்படவுள்ள அதே அறையில், அதே புரொஜெக்டரில், திரைச்சீலைகளை மூடிவிட்டு ஒருமுறை ஓடவிடுங்கள். வகுப்பறைப் புரொஜெக்டர்கள் கறுப்பை வெளிறச் செய்வதுண்டு. முகத்தின் இருண்ட பக்கம் சாம்பலாகத் தெரிந்தால், அந்த அறைக்கென்றே கறுப்பை இன்னும் இறக்கிய தனிப் பிரதியொன்றைத் தயார்செய்து, பரீட்சகருக்கு அதையே காட்டுங்கள்.