விர்ச்சுவல்பாக்ஸில் நெஸ்டட் விர்ச்சுவலைசேஷனை இயக்குவது எப்படி?

விண்டோஸ் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதில் உபுண்டு லினக்ஸை ஓட்டுகிறீர்கள். உபுண்டுவுக்குள் ஆண்ட்ராய்டு எமுலேட்டரைத் திறந்தால், கேவிஎம் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் பகுதி) இல்லை என்று நின்றுவிடுகிறது. விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட உதவும், ப்ராசஸரில் உள்ள விடி-எக்ஸ் (ஏஎம்டி என்றால் ஏஎம்டி-வி) வசதி விண்டோஸுக்குத் தெரிகிறது, உள்ளே இருக்கும் உபுண்டுவுக்குத் தெரிவதில்லை. அதை உள்ளேயும் தெரியவைப்பதுதான் நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன்.

முதலில் விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பைப் பாருங்கள். ஏஎம்டி ப்ராசஸருக்கு 6.0 முதலும், இன்டெலுக்கு 2019இல் வந்த 6.1 முதலும் இந்த வசதி உண்டு.

அடுத்து, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியுவைச் சொடுக்குங்கள். விர்ச்சுவலைசேஷன் 'எனேபிள்டு' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) இயக்குங்கள். ஏஎம்டி போர்டுகளில் பெரும்பாலும் எஸ்விஎம் மோட் என்ற பெயரில் இருக்கும்.

பலரும் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த இடத்தில்தான். விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால், விடி-எக்ஸை அது பிடித்து வைத்துக்கொள்ளும். விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல்தான் ஓட வேண்டியிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: விர்ச்சுவல் மெஷின் ஓடும்போது ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரியும். அப்படித் தெரிந்தால், விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுத்துவிட்டு கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அப்புறமும் ஆமை போகவில்லையா? விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியும் காரணமாக இருக்கலாம்; அதை அணைத்துப் பாருங்கள். ஆனால் அது பாதுகாப்பு வசதி. வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்கிவிடுங்கள். டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: விண்டோஸ் ஃபீச்சர்ஸில் அந்த மூன்றையும் அணைத்தால் டபிள்யூஎஸ்எல் 2 ஓடாது.

சரி, இனி வேலை சுருக்கம்தான். உபுண்டுவை முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். 'சேவ் ஸ்டேட்' கொடுத்து மூடினால் அமைப்பை மாற்ற முடியாது. விர்ச்சுவல்பாக்ஸில் அந்த மெஷினின் செட்டிங்ஸ், சிஸ்டம், ப்ராசஸர் என்று போய் 'எனேபிள் நெஸ்டட் விடி-எக்ஸ்/ஏஎம்டி-வி' என்பதில் டிக் போடுங்கள். புதிய பதிப்புகளில் அது கண்ணில் படாவிட்டால் எக்ஸ்பர்ட் பக்கத்துக்கு மாறிப் பாருங்கள்.

உபுண்டுவைத் திறந்து டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளையைக் கொடுங்கள். விர்ச்சுவலைசேஷன் வரியில் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி என்று வந்தால் வசதி உள்ளே வந்துவிட்டது.

எமுலேட்டரைத் திறக்கும் முன் உபுண்டுவுக்கான ரேமையும் பாருங்கள். எமுலேட்டர் எடுக்கும் ரேம் முழுவதும் உபுண்டுவின் பங்கிலிருந்துதான் போகும். உபுண்டுவுக்கு 4 ஜிபி மட்டும் கொடுத்திருந்தால் இரண்டுமே திணறும்; 8 ஜிபியாவது கொடுங்கள்.