கடினமான நிலையில் செஸ் இன்ஜினைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் அஞ்சல் செஸ்ஸுக்கு, அதாவது நாள்கணக்கில் யோசித்து நகர்வை அனுப்பி ஆடும் ஆட்டத்துக்கு, புதிதாக வருகிறவர்கள் பலகையில் நன்றாகவே ஆடுகிறார்கள். தடுமாறுவது இன்ஜினிடம், அதாவது நகர்வுகளைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளிடம்தான். ஆட்டம் ஒரு சிக்கலான நிலைக்கு வந்ததும் இரண்டு மூன்று இன்ஜின்களை அதே நிலையில் ஓட்டிப் பார்த்து, 'இதுதான் நல்ல இன்ஜின்' என்று ஒரே ராத்திரியில் முடிவு கட்டிவிடுகிறார்கள். முன்னால் வந்தவர்கள் எல்லோரும் விழுந்த அதே குழிகள்.

ஹாஷை (இன்ஜினின் நினைவுப் பரப்பு) 16 எம்பியிலேயே விட்டுவைப்பது, த்ரெட்ஸை (ஒரே நேரத்தில் ஓடும் தேடல்கள்) 1-லிருந்து ஏற்ற மறப்பது, பழைய பதிப்பை ஓட்டுவது ஆகியவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். பேச வேண்டியவை வேறு.

எங்கே ஆடுகிறோம் என்று பார்க்காமல் இன்ஜினைத் திறப்பது

ஐசிசிஎஃப் (சர்வதேச அஞ்சல் செஸ் கூட்டமைப்பு) ஆட்டங்களில் இன்ஜின் உதவிக்கு அனுமதி உண்டு. லீசெஸ், செஸ்.காம் தளங்களின் நாள்கணக்கு ஆட்டங்களில் கிடையாது. குழப்பிக்கொண்டால் அந்தத் தளத்தில் உங்கள் கணக்கு முடக்கப்படலாம்.

ஹாஷைத் துடைக்காமல் சோதிப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதும் இதனால்தான். நடக்கிற விதம் இப்படி:

ஒரு நிலை. சரியான நகர்வு யானையைத் தியாகம் செய்வது என்று ஏற்கனவே தெரியும். இன்ஜினைப் போடுகிறார்கள். 10 நிமிடம் ஆகியும் தியாகத்தைக் காட்டவில்லை. உடனே அந்த நகர்வைப் பலகையில் தாங்களே ஆடிக் காட்டி, அதற்குப் பின் என்ன வருகிறது என்று கொஞ்சநேரம் ஓட விடுகிறார்கள். இன்ஜின் காட்டும் மதிப்பு (யாருக்கு எவ்வளவு சாதகம் என்ற எண்) ஏறுகிறது. திருப்தியோடு ஒரு நகர்வு பின்னால் வந்து மறுபடி ஓட்டினால் 4 விநாடியில் தியாகம் வந்துவிடுகிறது. '4 விநாடி' என்று அட்டவணையில் ஏறிவிடுகிறது.

அந்த 4 விநாடிக்கு எந்த மதிப்பும் இல்லை. இன்ஜின் தான் பார்த்த ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு ஆழம் (எத்தனை நகர்வு முன்னால்) தேடியது, என்ன மதிப்பு வந்தது, எந்த நகர்வு நன்றாக இருந்தது என்பதை ஹாஷ் என்ற நினைவுப் பரப்பில் எழுதி வைக்கிறது. தியாகத்துக்குப் பிந்தைய நிலைகளை நீங்கள் ஓட்டிக் காட்டியபோது அவையெல்லாம் நல்ல ஆழத்தோடு அங்கே பதிந்துவிட்டன. பின்னால் வந்ததும் இன்ஜின் தேடவில்லை, எழுதி வைத்திருந்ததைப் படித்தது. வினாத்தாளோடு விடைத்தாளையும் கொடுத்துவிட்டு மார்க் போடுவது மாதிரி.

நஷ்டம் எங்கே என்றால், அந்த அட்டவணையை நம்பி அடுத்த ஆட்டத்தில் ஒரு நிலைக்கு 10 நிமிடம் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் அதே மாதிரி நிலைக்கு அந்த இயந்திரத்தில் 3 மணி நேரம் தேவைப்படலாம். 10 நகர்வுக்கு 50 நாள் இருக்கும் ஆட்டத்தில், நேரம் தாராளமாகக் கையில் இருந்தும் அவசரமாக நகர்வை அனுப்புகிறார்கள். அனுப்பிய நகர்வைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து வந்த ஆட்டம் அந்த ஒரு நகர்வோடு சாய்கிறது.

பலகை மென்பொருளில் வேறொரு நிலையைத் திறப்பதாலேயே ஹாஷ் காலியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். சில மென்பொருள்கள் 'புது ஆட்டம்' என்ற கட்டளையை இன்ஜினுக்கு அனுப்பும், சில அனுப்பாது. ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினின் அமைப்புகளில் 'க்ளியர் ஹாஷ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அதை அழுத்துங்கள். சந்தேகம் இருந்தால் இன்ஜினையே மூடித் திறப்பது உத்தமம். லீலா என்ற இன்ஜினுக்கும் இதே கதைதான். அது தேடல் மரத்தை அடுத்த நிலைக்கும் எடுத்துச் செல்லும், அதனால் மூடித் திறந்துவிடுங்கள்.

துடைத்த பிறகும் ஒரே ஒரு ஓட்டத்தை நம்பக் கூடாது. பல த்ரெட்களில் ஓடும்போது ஸ்டாக்ஃபிஷ் ஒரு முறை போன வழியில் மறுமுறை போகாது. எந்த த்ரெட் எப்போது ஹாஷில் எழுதுகிறது என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். ஒரு ஓட்டத்தில் 40 விநாடியில் வந்த நகர்வு அடுத்த ஓட்டத்தில் 9 நிமிடத்தில் வந்தால் ஆச்சரியமில்லை. செய்ய வேண்டியது இது:

முதலில் 1 த்ரெட், 1024 எம்பி ஹாஷ், துடைத்த நிலை. நேரத்துக்குப் பதில் நோடு (இன்ஜின் பார்க்கும் நிலைகள்) எண்ணிக்கையை வரம்பாகக் கொடுங்கள். 20 கோடி நோடு என்றால் சாதாரண கணினியில் சில நிமிடங்கள்தான். ஒரே பதிப்பில் இந்த ஓட்டம் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் தரும். இரண்டு அமைப்புகளை ஒப்பிட இதுவே அடித்தளம்.

அடுத்து, கணினியில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை த்ரெட் வைத்து 5 ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஹாஷைத் துடைக்க வேண்டும். நகர்வு முதலில் தலைகாட்டிய நேரத்தை எழுத வேண்டாம். அதைப் பிடித்தபின் கடைசிவரை விடாமல் வைத்திருந்தது எந்த நிமிடத்திலிருந்து என்று எழுதுங்கள். தலைகாட்டிவிட்டு மறைந்து, அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வரும் நகர்வுகள் ஏராளம். ஐந்து நேரங்களில் நடுவில் இருப்பதையும் மிக மோசமானதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்டத்துக்கு உதவப்போவது அந்த மோசமான எண்தான்.

மல்டிபிவி எண்ணையும் (எத்தனை சிறந்த வரிசைகளைக் காட்ட வேண்டும் என்பது) பக்கத்தில் எழுதிவிடுங்கள். 4 வரிசை காட்டச் சொன்ன ஓட்டமும் 1 வரிசை காட்டிய ஓட்டமும் ஒன்றல்ல. 4 வைத்தால் ஆழம் மெதுவாக ஏறும். ஆனால் 1-இல் ஒதுக்கித் தள்ளப்படும் தியாகம் போன்ற நகர்வு சீக்கிரம் மேலே வரவும் கூடும்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். உண்மையான ஆட்டத்தை ஆராயும்போது ஹாஷ் நிறைந்திருப்பது வரம். வரிசையின் கடைசிவரை போய், அங்கே நன்றாக ஓடவிட்டு, ஒவ்வொரு நகர்வாகப் பின்னால் வருவதுதான் சரியான முறை. அங்கே துடைத்தால் நஷ்டம். சோதனை வேறு, ஆராய்ச்சி வேறு. இரண்டையும் ஒரே சாளரத்தில் கலப்பதால்தான் இத்தனை குழப்பமும்.

பேர்பெற்ற புதிரை வைத்துச் சோதிப்பது

1998 லினாரெஸில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் ஆடிய 47-ஆவது நகர்வு எல்லோருக்கும் தெரியும். கறுப்பு பிஷப் எஃப்5-இலிருந்து ஹெச்3-க்குப் போய்த் தன்னையே கொடுத்துவிடும். அதனால் கறுப்பு ராஜா ஈ4-க்கு நேரத்தோடு வந்து சேர்கிறார். அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு அது எட்டாத நகர்வு. இன்றைய முன்னணி இன்ஜின்கள் பெரும்பாலும் பிடித்துவிடும், அதனால் எது மேல் என்று அது சொல்லாது.

அஞ்சல் செஸ்ஸின் கடினம் வேறு வகை. பெரும்பாலும் மின்னலடிக்கும் விடையே இருக்காது. மூன்று அமைதியான நகர்வுகளில் எது 30 நகர்வு கழித்தும் தாங்கும் என்பதுதான் கேள்வி. முடிந்துபோன உங்கள் சொந்த ஆட்டங்களிலிருந்து அப்படிப்பட்ட நிலைகளை 10, 15 சேர்த்து வையுங்கள்.

ஆழத்தை ஒப்பிடுவது

ஸ்டாக்ஃபிஷ் 40 என்று காட்டுவதும் லீலா 20 என்று காட்டுவதும் ஒரே அளவுகோல் அல்ல. மதிப்பும் அப்படித்தான். ஸ்டாக்ஃபிஷ் 15.1-இலிருந்து +1.00 என்றால் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்று அளவை மாற்றிவிட்டார்கள். பழைய பதிப்பின் +1.00-ஐ அதன் பக்கத்தில் எழுதாதீர்கள்.

ஃபென் வரியை மட்டும் ஒட்டுவது

ஃபென் என்பது ஒரு நிலையை ஒரே வரியில் எழுதும் முறை. அதில் காய்கள் இருக்கும், ஆட்டத்தின் வரலாறு இருக்காது. இதே நிலை முன்பு இரண்டு முறை வந்துவிட்டது என்பது இன்ஜினுக்குத் தெரியாது. மூன்றாம் முறை வந்தால் டிரா கேட்கலாம் என்ற கணக்கே இல்லாமல் ஜெயிக்கிற வரிசை என்று ஒன்றைக் காட்டும். கையால் நிலையை அமைப்பவர்கள் காஸ்லிங் உரிமை, என்பஸாண்ட் கட்டம், 50 நகர்வுக் கணக்கு (சிப்பாய் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் 50 நகர்வு போனால் டிரா என்ற விதி) மூன்றையும் தவறவிடுகிறார்கள். முழு ஆட்டத்தையும் பிஜிஎன்னாக (எல்லா நகர்வுகளும் உள்ள கோப்பாக) ஏற்றி, அந்த நகர்வுக்குப் போய் ஓட்டுங்கள்.

இரண்டு இன்ஜினை ஒரே நேரத்தில் ஓட்டுவது

வேண்டாம். கோர்களைப் பங்குபோட்டுக்கொண்டு இரண்டுமே சோம்பிவிடும்.

சித்திரை வெயிலில் மடிக்கணினியை மெத்தைமேல் வைப்பது

மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சிப் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் ஓட்டிய இன்ஜினும் மதியம் ஓட்டிய இன்ஜினும் அதே அளவு நேரத்தில் ஒரே வேலையைச் செய்திருக்காது. விநாடிக்கு எத்தனை நோடு என்பதை 1-ஆவது நிமிடத்திலும் 30-ஆவது நிமிடத்திலும் குறித்துப் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தால் நேரக் கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு நோடு கணக்கில் ஒப்பிடுங்கள். நோடுக்கு வெயில் தெரியாது. மடிக்கணினியின் அடியில் காற்று போக இடம் விட்டு, மேசைமேல் வையுங்கள்.

கரண்ட் போனால் ஹாஷ் போயிற்று. பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் நீண்ட ஓட்டம் வைக்காதீர்கள். வரிசைகளை அவ்வப்போது பிஜிஎன்னில் சேமியுங்கள்.

அசையாத +1.8-ஐ வெற்றி என்று எண்ணுவது

சிறந்த வரிசையில் 15 நகர்வு முன்னால் போய்ப் பாருங்கள். சிப்பாய் நகரவில்லை, காய் வெட்டுப்படவில்லை, யானை மட்டும் முன்னும் பின்னும் போகிறது, மதிப்பு ஏறவே இல்லை என்றால் அது பெரும்பாலும் உடைக்க முடியாத கோட்டை, அதாவது டிராவில் முடியும் தற்காப்பு. ஸ்டாக்ஃபிஷ் 50 நகர்வுக் கணக்கு ஏற ஏற மதிப்பைத் தானே குறைத்துக் காட்டும். இன்னும் நகர்த்திக்கொண்டே போனால் அந்தச் சரிவு கண்ணில் படும்.

சிசிஜி அமைப்பை அப்படியே விடுவது

சிசிஜி என்பது சில காய்களே மிஞ்சும் நிலைகளின் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்த டேபிள்பேஸ். ராஜாக்களையும் சேர்த்து 5 காய் வரையிலான சிசிஜி கோப்புகள் 1 ஜிபிக்குள் அடங்கும். 6 காய்க்கு சுமார் 150 ஜிபி வேண்டும், அதை எஸ்எஸ்டியில் வையுங்கள். சுழலும் டிஸ்கில் வைத்தால் தேடல் வேகம் படுத்துவிடும். 7 காய் 16 டிபிக்கு மேல், வீட்டில் வைக்க வழியில்லை, இணையத்தில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டாக்ஃபிஷில் 50 நகர்வு விதியைப் பார்க்கும் சிசிஜி அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். ஐசிசிஎஃப்பில் 7 காய் அல்லது அதற்குக் குறைவாக வந்துவிட்டால் டேபிள்பேஸ் சொல்வதே முடிவு, 50 நகர்வு விதி அங்கே செல்லாது. அமைப்பை அணைக்காவிட்டால், 50 நகர்வுக்கு மேல் இழுத்தாலும் ஜெயிக்கிற முடிவாட்டத்தை இன்ஜின் டிரா என்று ஒதுக்கிவிட்டு வேறு வரிசைக்குப் போய்விடும். ஐசிசிஎஃப் ஆட்டத்துக்கு அணைத்து வையுங்கள், பலகைமுன் உட்கார்ந்து ஆடும் போட்டிக்குத் தயாராகும்போது திரும்பப் போடுங்கள்.