எஸ்பிஆர்: மூலக்கூறுகள் ஒட்டுவதையும் விலகுவதையும் நேரடியாகப் பார்ப்பது எப்படி?

ஒரு ஆன்டிபாடி தன் புரதத்தில் ஒட்டுகிறதா என்று மட்டும் தெரிய எலைசா என்ற வழக்கமான ஆய்வகச் சோதனை போதும். எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது, ஒட்டியபின் எவ்வளவு நேரம் விடாமல் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசொனன்ஸ், அதாவது எஸ்பிஆர் வேண்டும். இதில் ஒளிரும் சாயம் எதையும் சேர்க்க வேண்டியதில்லை, எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

முதலில் ஒளி. கண்ணாடியின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப் படலம், அதன் மறுபக்கம் கரைசல் ஓடுகிறது. கண்ணாடிப் பக்கமிருந்து தளவிளைவுற்ற (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியைச் சாய்வாக அனுப்பினால் முழு அக எதிரொளிப்பில் திரும்பிவிடும், ஆனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து அலைபோல் அசைந்து அந்த ஆற்றலை வாங்கிக்கொள்வதால் திரும்பும் ஒளி சட்டென்று மங்கும். 1968இல் கிரெட்ச்மானும் ரேதரும் காட்டிய அமைப்பு இது. தங்கத்தை ஒட்டிய சில நூறு நானோமீட்டருக்குள் புரதம் வந்து சேர்ந்தால் அங்கே ஒளிவிலகல் எண் கூடும், மங்கும் கோணமும் நகரும். கருவி அளப்பது அந்த நகர்வைத்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். புரதத்தைப் பிணைக்க உதவும் ஈடிசி, என்ஹெச்எஸ் என்ற வேதிப்பொருள்களின் கலவையால் சிப்பை, அதாவது அந்தத் தங்கப் படலமுள்ள கண்ணாடித் துண்டைத் தயார்செய்து, ஒரு புரதத்தை அதில் பிணைத்து, மிச்சமுள்ள இடங்களை எத்தனாலமைனால் அடைத்துவிடுங்கள். புரதத்தை அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள், விலகிய மூலக்கூறு பக்கத்திலேயே திரும்ப ஒட்டிக்கொண்டு வேகக் கணக்கைக் கெடுத்துவிடும். அப்புறம், கோண நகர்வைக் கருவி வரைந்து காட்டும் கோடு சமமாகும்வரை பஃபரை (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசலை) மட்டும் ஓடவிடுங்கள்.

அடுத்து, அந்தப் புரதத்தில் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டிய இரண்டாவது மூலக்கூறை ஐந்தாறு செறிவுகளில் ஒவ்வொன்றாக அனுப்புங்கள், கோடு ஏறும். மறுபடி பஃபருக்கு மாறியதும் இறங்கும். இந்த இறக்கத்தை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது. இரண்டு மருந்துகளுக்கும் பிரிகை மாறிலி (பிணைப்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்) 1 நானோமோலார் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றின் விலகல் வேகம் விநாடிக்கு 0.001, மற்றதற்கு 0.0001. முதலாவது சுமார் பதினொன்றரை நிமிடத்தில் பாதி விலகிவிடும், இரண்டாவதற்கு அதே பாதி விலக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். பிரிகை மாறிலி விலகல் வேகத்தை ஒட்டும் வேகத்தால் வகுத்த எண் என்பதால், அதை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மருந்து ஆய்வுக்கூடங்களும் ஆன்டிபாடி தயாரிப்பாளர்களும் எஸ்பிஆரை நம்பியிருப்பது இந்த வேறுபாட்டுக்காகத்தான்.

ஒட்டியிருப்பதைக் கழுவ, பெரும்பாலும் பிஹெச் 2 அளவுள்ள கிளைசின் போதும், ஆனால் சிப்பில் இருக்கும் புரதம் அதைத் தாங்குகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

புரதம் பிணைக்காத ஒப்பீட்டுச் சேனல் ஒன்றும், மாதிரிக்குப் பதில் வெறும் பஃபரைச் செலுத்திப் பார்க்கும் ஓட்டம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். மாதிரியில் கிளிசரால் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே ஒளிவிலகல் எண் மாறி, எதுவும் ஒட்டாமலேயே கோடு குதிக்கும், அதைக் கழித்துவிட்டுத்தான் வளைவைச் சமன்பாட்டோடு பொருத்தி வேகங்களைக் கணக்கிட வேண்டும்.