ஃப்யூ வேற, எ ஃப்யூ வேற

சில வருஷம் முன்னாடி வெளிநாட்டு கிளையன்ட் ஒருத்தருக்கு மெயில் போட்டேன், "ஐ ஹேவ் ஃப்யூ டவுட்ஸ் அபௌட் த டிசைன்"னு. எனக்கு கேக்க வேண்டியது நாலு விஷயம் இருந்துச்சு, எப்படியும் கால் போட்டு பேசுவாங்கன்னு ரெண்டு நாள் காத்துக்கிட்டு இருந்தேன், கடைசில "கிரேட், தேங்க்ஸ்"னு ஒரு வரி பதில்தான் வந்துச்சு. நான் எழுதுன வரிய அவங்க "டிசைன் பத்தி எனக்கு சந்தேகமே அவ்வளவா இல்ல"ன்னுதான் படிச்சிருக்காங்க. ஃப்யூக்கு முன்னாடி ஒரு 'எ' (a) போட்டிருந்தா அர்த்தம் மாறியிருக்கும்.

இந்த 'எ' எங்க வரணும்னு கண்டுபிடிக்க தமிழே போதும்ங்க. "மீட்டிங்குக்கு கொஞ்சம் பேர் வந்தாங்க"ன்னு சொன்னா ஆள் வந்திருக்காங்க, அவ்வளவுதான். "கொஞ்சம் பேர்தான் வந்தாங்க"ன்னு சொன்னா பத்தலங்கற குறை அதுலயே இருக்கு. அந்த 'தான்' பண்ற வேலைய இங்கிலீஷ்ல 'எ' இல்லாம விடறது பண்ணுது. எ ஃப்யூ பீப்பிள் கேம்னா கொஞ்சம் பேர் வந்தாங்க, ஃப்யூ பீப்பிள் கேம்னா கொஞ்சம் பேர்தான் வந்தாங்க. அதனால எழுதறதுக்கு முன்னாடி மனசுல தமிழ்ல ஒருதடவ சொல்லிப் பாருங்க, 'தான்' வந்தா 'எ' வேணாம், வரலன்னா 'எ' கண்டிப்பா போடணும்.

ஒன்லி வந்தா மட்டும் கவனம். 'தான்' வேலைய ஒன்லியே எடுத்துக்கும், அதனால 'எ' அப்படியே இருக்கணும், ஒன்லி எ ஃப்யூ பீப்பிள். "ஒன்லி ஃப்யூ"ன்னு நம்ம ஊர்ல நெறைய பேர் சொல்றாங்க, அது தப்பு. அதே மாதிரி குவைட் எ ஃப்யூன்னா கொஞ்சம் இல்ல, கணிசமான பேர்னு அர்த்தம், இத தெரியாம படிச்சா மொத்தமா தலைகீழா புரிஞ்சுக்குவோம். த லாஸ்ட் ஃப்யூ டேஸ், மை ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் இதுலல்லாம் 'எ' இருந்த எடத்துல த, மை வந்து உக்காந்துடுச்சு, அங்க 'எ' வராது.

லிட்டிலுக்கும் இதே கணக்குதான். இன்டர்வியூல ஹிந்தி தெரியுமான்னு கேட்டா "ஐ நோ எ லிட்டில் ஹிந்தி"ன்னா சமாளிச்சுக்குவேன்னு அர்த்தம், "ஐ நோ லிட்டில் ஹிந்தி"ன்னா அனேகமா தெரியாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இதுல கஷ்டம் என்னன்னா நமக்கு கொஞ்சம் பேர், கொஞ்சம் தண்ணி ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, இங்கிலீஷ்ல எண்ணக்கூடியதுக்கு ஃப்யூ, எண்ண முடியாததுக்கு லிட்டில். தண்ணி, அரிசில யாரும் தப்பு பண்றதில்ல. மாட்டிக்கறது லக்கேஜ், ஃபர்னிச்சர், அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட்லதான், நாம பெட்டிய எண்ணுவோம், நாற்காலிய எண்ணுவோம், ஆனா இங்கிலீஷ்ல இந்த வார்த்தைங்களுக்கு எண்ணிக்கை கெடையாது. எ லிட்டில் லக்கேஜ், எ ஃப்யூ பேக்ஸ். எ லிட்டில் மணி, எ ஃப்யூ ருபீஸ்.

பரீட்சைக்கு படிக்கறவங்க கொஸ்டின் டேக்ல, அதாவது வரிக்கு நேர்மாறா கடைசில ஒட்டற குட்டிக் கேள்வில, இத பாத்திருப்பீங்க. ஃப்யூ பீப்பிள் நியூ இட், டிட் தே? எ ஃப்யூ பீப்பிள் நியூ இட், டிடின்ட் தே? 'நாட்'ங்கற வார்த்தையே இல்லாம ஃப்யூவ நெகட்டிவ்வா எடுத்துக்கறாங்க பாருங்க, இலக்கணத்துக்கே அது இல்லைங்கற பக்கம்தான்.

'இன்னும் கம்மி'ன்னு சொல்ல ஃபியூவரா லெஸ்ஸாங்கற சண்டை தனி. எண்ணக்கூடியதுக்கு ஃபியூவர்தான்ங்கறத 1770ல ராபர்ட் பேக்கர்னு ஒருத்தர் தன்னோட விருப்பமா எழுதி வெச்சாரு, அப்புறம் அதுவே விதி ஆயிடுச்சு. இங்கிலாந்துல டெஸ்கோ கடைல "10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்"னு இருந்த போர்டுக்கு வந்த எதிர்ப்புல 2008ல "அப் டு 10 ஐட்டம்ஸ்"னு மாத்துனாங்க. பேசறப்ப லெஸ் ஓகே, எழுதறப்ப ஃபியூவர் போட்டுடுங்க. ஆனா நேரம், தூரம், காசுக்கு லெஸ்தான், லெஸ் தேன் 10 மினிட்ஸ், லெஸ் தேன் 5 கிலோமீட்டர்ஸ்.

இன்னொன்னு, 'எ' இல்லாத ஃப்யூ, லிட்டில் ரெண்டும் கொஞ்சம் புத்தக பாஷை. சாதாரணமா பேசறப்ப இங்கிலீஷ்காரங்களே நாட் மெனி, நாட் மச்னுதான் சொல்லுவாங்க. தேர் வேரின்ட் மெனி பீப்பிள்னு சொல்லிடுங்க, குழப்பமே வராது.

டவுட்ஸ்ங்கற வார்த்தையையும் விட்டுடுங்க, வெளிநாட்டுக்காரங்களுக்கு அது கேள்வி இல்ல, அவநம்பிக்கை மாதிரி கேக்கும். நான் இப்பல்லாம் மெயில்ல "ஐ ஹேவ் எ ஃப்யூ கொஸ்டின்ஸ்"னு போட்டு கீழ 1, 2, 3ன்னு கேள்வியையும் எழுதிடறேன், ஒவ்வொண்ணுக்கும் பதில் வந்துடுது.