பேரகணி ஹெத்தை ஹப்பாவுக்கு முதல் தடவ போறீங்களா? இதப் படிச்சிட்டுப் போங்க

நீலகிரி படகர்களோட குலதெய்வம் ஹெத்தையம்மன், அந்த அம்மாவுக்கு மார்கழில எடுக்கற பண்டிகைதான் ஹெத்தை ஹப்பா. பல ஹட்டில (படகர் ஊர ஹட்டின்னுதான் சொல்வாங்க) நடக்கும், ஆனா பெரிய கூட்டம்னா கோத்தகிரி பக்கம் பேரகணிதான். தேதி வருஷா வருஷம் மாறும், டிசம்பர் கடைசில இல்லன்னா ஜனவரி முதல்ல வரும், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவாங்க, அந்த அறிவிப்பு வந்ததும் பிளான் பண்ணுங்க.

மேட்டுப்பாளையத்துலருந்து கோத்தகிரிக்கு பஸ் இருக்கு, 33 கிலோமீட்டர்தான். வெளியூர் கார்ல போனா இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்துலருந்து இந்த ரூல், பஸ்ல போனா அந்தத் தொல்லையே இல்ல. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், மார்கழிக் குளிரு எலும்புக்குள்ள எறங்கும், ஸ்வெட்டர் மறக்காதீங்க.

டிரஸ் விஷயம்தான் முக்கியம். அன்னிக்கு ஊரே வெள்ளைல இருக்கும், ஆம்பளைங்க வேட்டி, தலைப்பாகை, மேல போர்வை மாதிரி ஒரு வெள்ளைத் துணி, பொம்பளைங்க வெள்ளை முண்டு, துண்டு. நீங்களும் வெள்ளையோ வெளிர் நிறமோ போட்டுட்டுப் போங்க, யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க, ஆனா அது அவங்களுக்குக் குடுக்கற மரியாதைன்னு நான் நெனைக்கறேன். விரதம் இருந்து வெறுங்காலோட கையில செங்கோல் பிடிச்சு ஹட்டி ஹட்டியா நடந்தே வர ஹெத்தைகாரர்களப் பாப்பீங்க, அவங்க வழில குறுக்க நின்னு செல்ஃபி எடுக்கறது ரொம்பத் தப்பு, ஒதுங்கி வழி விடுங்க. கோயில் பக்கம் செருப்பு வேணாம், போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கற ஒரு பெரியவர்கிட்ட கேட்டுடுங்க, வேணாம்னா வேணாம்தான்.

அப்புறம் ஆட்டம்! வட்டமா நின்னு சின்னவங்க பெரியவங்க எல்லாரும் ஒரே அடவுல ஆடுவாங்க, முந்தியெல்லாம் இதுக்குக் கோத்தர்கள்தான் (நீலகிரியோட இன்னொரு பழங்குடி) வந்து கொழல் மேளம் வாசிப்பாங்க, இப்ப பெரும்பாலும் ஸ்பீக்கர்ல படக பாட்டு. உங்களையும் கூப்பிட்டா வெக்கப்படாம போங்க, ஆனா நீங்களா நடுவுல பூந்துடாதீங்க, வட்டத்தோட கடைசில சேந்துக்கிட்டு முன்னாடி இருக்கறவங்க காலப் பாத்தே ஆடுங்க, நாலு சுத்துல பிடிபட்டுடும், வேகமே இல்லாத ஆட்டம்தான்.

சாப்பாடு அன்னதானத்துலயே ஆயிடும், உக்காந்து பொறுமையா சாப்பிடுங்க. தண்ணிக்கு மட்டும் ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்க, நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை.